குத்தாத மூட்டைகள்

அந்த ஊரில் மக்காச்சோளம் விற்க மூன்று வழிகள் இருந்தன. வழி என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். முதல் வழி வெள்ளைச்சட்டை. அறுவடை முடிந்த கையோடு லாரியை வயல் ஓரத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிற வியாபாரி அவன். சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. தூசியில் நின்று வேலை செய்ய அவனுக்கு ஆள் இருந்தது. அந்த ஆள் கையில் குத்தூசி இருக்கும். கூரான இரும்புக் குழாய். அதை மூட்டையில் சொருகி இழுத்தால் ஒரு கை சோளம் வரும். அதைப் பார்த்து "ஈரம்" என்பான், விலை ஒரு படி இறங்கும். "தூசி" என்பான், இன்னொரு படி. ஒன்றுமே கிடைக்காவிட்டால் "நிறம் சரியில்லையே" என்பான்.

இரண்டாவது வழி அரசாங்கக் கொள்முதல் நிலையம். விலை நல்ல விலைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது எல்லாரும் வெள்ளைச்சட்டைக்கு விற்று முடித்த பிறகு திறக்கும், சாக்கு தீர்ந்துவிட்டது என்று உடனே மூடும்.

மூன்றாவது வழி கோழித்தீவன மில். அவர்கள் விலையில் விளையாட மாட்டார்கள். ஆனால் முழு லாரிச் சுமையாக வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தனி ஆள் கொண்டுபோகிற பத்துப் பதினைந்து மூட்டையை வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டி, ஒன்றாக விற்றால் என்ன என்று ஊர் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தது. பேசுவதற்கு என்ன செலவு!

அதைச் செய்து காட்டியவள் மீட்டரம்மா. அப்போது அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. நிலம் உண்டு, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் தூரத்து நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் அவள். மூடிக் கிடந்த சினிமா கொட்டகையின் சொந்தக்காரரை வீட்டுக்கும் வாசலுக்குமாகத் துரத்திப் பிடித்து, சாவியை வாங்கிவிட்டாள். நாற்காலிகளை எப்போதோ கழற்றி விற்றிருந்தார்கள். சரிந்த தரையும், கிழிந்த திரையும், எலிகளும்தான் மிச்சம். எலிகளைத் துரத்தி, கூரை ஓட்டையை அடைத்து, தரையைக் கூட்டி மெழுகியபோது ஊருக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது.

மில்லிலிருந்து ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்றும் நீளமான குத்தூசி ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். எந்த மூட்டையானாலும் நட்டநடுவில் குத்தி எடுத்துத்தான் ஈரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினார்கள். அங்கேதான் வந்தது வினை.

முதல் கூட்டத்திலேயே பஞ்சாயத்து எழுந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஏகப்பட்ட நிலம், அதைவிட ஏகப்பட்ட வாய்.

"குத்தூசி கித்தூசி எல்லாம் இங்க வேண்டாம். இத்தனை வருஷமா அவன் நம்ம மூட்டையக் குத்துனான், பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னோம். இப்போ நம்ம மூட்டைய நாமளே குத்திக்கிறதா? நாம என்ன திருட்டுப் பசங்களா?"

கூட்டம் கைதட்டியது. மீட்டரம்மாவும் தட்டினாள். அவளுக்குக் கண் கலங்கிக்கூட விட்டது. மூட்டையின் வாயைப் பிரித்து மேலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதும் என்று முடிவானது. டிக்கெட் கொடுத்த ஜன்னலுக்குப் பின்னால் மீட்டரோடு அவளை உட்காரவைத்தார்கள். நீளக் குத்தூசியைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி மூலையில் சாத்தினார்கள்.

கைதட்டிய ஒருவருக்கும் ஒரு விஷயம் ஞாபகம் வரவில்லை, அல்லது வந்தும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைச்சட்டை எடையில் அடிப்பான் என்பதால் ஊர் ஈரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஆளுடைய குத்தூசி எவ்வளவு ஆழம் போகும் என்று பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அது எட்டாத நடுவயிற்றில் ஈரச்சோளத்தையும், சுற்றிலும் மேற்புறமும் காய்ந்ததையும் வைத்துத்தான் அங்கே மூட்டை கட்டுவார்கள். அதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. மூட்டை கட்டுவது என்றாலே அதுதான்.

அறுவடை நாட்களில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. ஆளாளுக்கு ஒரு கிண்டல். "ரெண்டு பால்கனி குடும்மா" என்றார் ஒருவர். மீட்டரம்மா கையளவு சோளத்தைக் கிண்ணத்தில் போட்டு, மூடியைத் திருகி, எண் நிற்கும்வரை பார்த்து, "போகலாம்" என்பாள். உள்ளே அவரவர் மூட்டையை அவரவரே கொட்டிக்கொள்வார்கள். இரவல் தையல் மிஷினில் துணி தைத்துப் பிழைக்கிற ஒரு பெண், குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்தாள். அதை வீட்டுக்குள் போர்வைகளை விரித்துக் காயவைத்து, பிள்ளைகளை அடுக்களையில் படுக்கப் போட்டிருந்தாள். ஊரிலேயே அவளுடையதுதான் நன்றாகக் காய்ந்த சோளம்.

"பாத்தீங்களாக்கா, கலகலன்னு சத்தம் வருது" என்று கையில் குலுக்கிக் காட்டினாள்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு மீட்டரம்மாவின் தம்பி வந்தான். அவன் எப்போதுமே எல்லாவற்றுக்கும் கடைசி ஆள். மூட்டையின் வாயைப் பிரித்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீட்டர் அதற்குப் பிறகுதான் சொன்னது.

"இது ரொம்ப ஈரம்டா."

"காயவைக்க இடம் எங்கக்கா இருக்கு? வாசல்ல கணுக்கால் தண்ணி. இதை வெள்ளைச்சட்டைகிட்ட கொண்டுபோனா, குப்பையில கொட்டிட்டுப் போன்னு சொல்லுவான்."

"எல்லாருக்கும் ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? நாளைக்கு நான் எப்படி இந்த ஜன்னல்ல உக்கார்றது?"

"உள்ள மலை மாதிரி கிடக்கு. அதுல என்னோடது எந்த மூலைக்கு? காஞ்சதெல்லாம் சேர்ந்து இதோட ஈரத்தை இழுத்துக்கும். உனக்குத் தெரியாததா?"

தெரியாததுதான். ஆனால் அப்படி நடக்கும் என்று நம்ப ஆசையாக இருந்தது. புருஷன் செத்த வருஷம், அவள் கேட்காமலே அவள் நிலத்தை உழுது விதைத்துக் கொடுத்தவன் இவன். மழையில் நனைந்து, முகம் தொங்கி, பிள்ளைப் பிராயத்தில் அடிவாங்கிவிட்டு வந்து நிற்பதுபோல நின்றான். அவளால் முடியவில்லை. மீட்டரை நிறுத்தினாள்.

"திரைப்பக்கமா போய் நல்லா பரப்பிக் கொட்டு. ஒரே இடத்துல குவிச்சு வைக்காதே" என்றாள்.

அவன் ஒரே இடத்தில்தான் குவித்துக் கொட்டினான். அவள் போய்ப் பார்க்கவில்லை.

அதன்பிறகு காத்திருப்பு. அறுவடைக் கூட்டம் ஓய்ந்ததும் விலை மெல்ல ஏறத் தொடங்கியது. செல்போனில் விலை பார்ப்பதே ஊருக்குப் பிழைப்பாகிவிட்டது. வெள்ளைச்சட்டை ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான்.

"என்னம்மா, படம் எப்போ ரிலீஸ்?"

"வராதீங்க, ஹவுஸ்ஃபுல்" என்றார் பஞ்சாயத்து. ஊரே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிப் பார்த்தான். யாரும் மசியவில்லை. பரம்பரையாகக் குனிந்தே நின்றவர்களுக்கு அன்று முதுகு நிமிர்ந்தது. மீட்டரம்மா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள்.

மில்லில் மட்டும் தேதி தராமல் இழுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் சோளம் மலிவாக வந்து இறங்கிவிட்டதாம், அது தீரட்டும் என்றார்கள். கப்பல் சோளம் தீர்வதாகத் தெரியவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவான். கிடங்கின் குளிரில் விரல் மரத்துப்போகிறது, நகத்தைச் சுற்றித் தோல் வெடித்துவிட்டது, அறையில் படுக்க முறை வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அவன் வேடிக்கை போலச் சொல்வான். அவள் போனை வைத்துவிட்டு அழுவாள்.

"லாரி எப்போம்மா?" என்பதுதான் அவன் கடைசிக் கேள்வியாக இருக்கும்.

"வரும்டா. மில்லுக்கு ஒரு தடவை வித்துட்டோம்னா அப்புறம் வருஷாவருஷம் அவங்களுக்கேதான். நீ அங்க கிடந்து சாக வேண்டாம், நம்ம நிலத்தையே பாத்துக்கலாம். ஆனா லாரி கிளம்புற வரைக்கும் வேலையை விட்டுடாதே."

இந்த நாட்களில் ஆட்கள் அவ்வப்போது கொட்டகைக்கு வந்து குவியலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் தாங்கள் கொட்டிய இடத்துக்குப் போய்ச் சற்று நிற்பார்கள். கையை விட்டு அளைவார்கள், போய்விடுவார்கள். விடுதியில் விட்ட பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள்போல என்று மீட்டரம்மா பூரித்துப்போனாள். அவளும் தினம் குவியலைச் சுற்றி வருவாள். திரைப்பக்கம் மட்டும் போக மாட்டாள். போனால் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில் மில்லிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் லாரி வரும், அதற்கு முன்னால் ஓர் ஆள் வந்து மாதிரி எடுப்பார் என்றார்கள். அவள் முதல் வேலையாக மகனைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம்டா!" என்று கத்தினாள். அவன் பக்கம் இரைச்சலில் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சிரித்தது மட்டும் கேட்டது.

மறுநாள் வேறு வழியில்லாமல் மீட்டரை எடுத்துக்கொண்டு திரைப்பக்கம் போனாள். கிட்டப் போகும்போதே துவைக்காமல் சுருட்டி வைத்த ஈரத்துணியின் நாற்றம் அடித்தது. கையை முழங்கைவரை விட்டாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறுபோலச் சுட்டது. இன்னும் ஆழத்தில் சோளம் சோளமாக இல்லை, கட்டிகட்டியாக விரலில் ஒட்டியது. வெளியே இழுத்தபோது உள்ளங்கையெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூசணம்.

தம்பியைத் தேடிப் போனாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"நீ வாயைத் திறக்காம இரு. லாரியில அள்ளும்போது எல்லாம் கலந்துடும்."

"மில்லுக்காரன் கண்டுபிடிச்சா?"

"பிடிக்கட்டுமே. யாரோடதுன்னு சோளத்துல பேரா எழுதியிருக்கு?"

அவனை அறைந்துவிடலாமா என்றிருந்தது. அதைவிடத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இப்போதே அந்த மூலையைத் தோண்டி அப்புறப்படுத்தினால் மற்றதையாவது காப்பாற்றலாம். தோண்ட வேண்டுமானால் சொல்ல வேண்டும். சொன்னால் தம்பியின் மானம் போகும், தன் மானம் அதற்கு முன்னால் போகும். போனால் போகட்டும், மகன் வர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

எல்லாரையும் கொட்டகைக்கு வரச்சொல்லி, கிழிந்த திரைக்குக் கீழே நின்று சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். தம்பியின் மூட்டை ஈரம் என்று தெரிந்தே விட்டேன், தப்பு என்னுடையது, அவனை ஒன்றும் சொல்லாதீர்கள், இந்த மூலை கெட்டுவிட்டது, இன்றைக்கே தோண்டி எடுத்துவிட்டால் மிச்சம் பிழைக்கும். பஞ்சாயத்து தன்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சாயத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பிகூடத் தலையைத் தூக்கி, ஏன் யாரும் திட்டவில்லை என்று சுற்றிப் பார்த்தான்.

"இந்த மூலை மட்டுமா?" என்று கேட்டார் பஞ்சாயத்து, ரொம்பத் தணிந்த குரலில்.

"ஆமா. ஏன்?"

"நடுத்தூண் பக்கமும் சூடா இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கொட்டியது நடுத்தூண் பக்கம். அவளுக்கு அது ஞாபகம் வந்தபோது, பின்னாலிருந்து ஒருவர், "கதவோரமும்தான்" என்றார். இன்னொருவர் கையை மட்டும் நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். அப்புறம் யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவர் கண்ணும் தான் கொட்டிய இடத்தைப் பார்த்தது.

"வேணும்னு செய்யலம்மா" என்றார் பஞ்சாயத்து. "மூட்டை கட்டும்போது கை தானா அப்படித்தான் போகுது. நடுவுல ஈரம், மேல காஞ்சது. கட்டி முடிச்ச பெறகுதான் யாருக்குக் கட்டுறோம்னே நெனப்பு வந்துச்சு. பிரிச்சு மறுபடி கட்ட சோம்பல். அவ்வளவு பெரிய குவியல்ல நம்ம ஒருத்தனோடதுதானேன்னு விட்டுட்டேன்."

நம்ம ஒருத்தனோடதுதானே. அங்கே நின்ற அத்தனை பேரும் அதையேதான் நினைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். அது சிரிப்பே இல்லை. மீட்டரம்மாவுக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. கெடுத்தவள் தான் மட்டும் இல்லையே என்ற ஆறுதல். அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தையல்காரப் பெண் முன்னால் வந்தாள்.

"அப்போ என்னோடது? என்னோடது எங்க இருக்கு? நான் அதை எடுத்துட்டுப் போயிடறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. சரிந்த தரையில் அது எப்போதோ உருண்டு இறங்கி எல்லாரோடதிலும் கலந்திருந்தது. அவள் குனிந்து ஒரு கை அள்ளி, காதருகே வைத்துக் குலுக்கினாள். கையை விரித்துக் கீழே போட்டுவிட்டு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு தோண்டினார்கள். தோண்டத் தோண்ட ஆவி வந்தது. நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாதபடி பிசைந்து கிடந்தது. வாசலில் பரப்பிக் காயவைத்துப் பார்த்தார்கள், காய்ந்த பூசணம் புகைபோலப் பறந்து எல்லாரையும் இருமவைத்தது. சாயந்தரம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். முன்னொரு நாளும் அந்த ஊர் அப்படி ஒற்றுமையாக வேலை செய்ததில்லை.

சொன்னபடி மில்லிலிருந்து மாதிரி எடுக்கிற ஆள் வந்தார். நல்ல மனுஷர். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழாயை எடுக்கக்கூட இல்லை.

"இதைக் கோழிக்குப் போட்டா கோழி சாகும்மா" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் கொடுத்தனுப்பின குத்தூசி வந்து சேரலையா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார்" என்றாள் மீட்டரம்மா.

அவர் லாரி வேண்டாம் என்று அங்கே நின்றபடியே போனில் சொன்னார். அடுத்த வருஷமாவது பார்க்கலாமா என்று பஞ்சாயத்து கேட்டதற்கு, அது மேலே இருப்பவர்கள் முடிவு என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

இனி வெள்ளைச்சட்டையைக் கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவது? எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளே கூப்பிட்டாள்.

வந்தவன் கிண்டல் செய்வான், ஹவுஸ்ஃபுல்லைச் சொல்லிக் காட்டுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு குவியலைச் சுற்றி வந்தான். அதுதான் எல்லாரையும் உள்ளே அறுத்தது.

"சாராய ஆலைக்காரனைத் தவிர இதை ஒருத்தனும் தொட மாட்டான்" என்றான். "அள்ளிட்டுப் போற கூலிக்கு மேல கொஞ்சம் தர்றேன். அடுத்த விதைப்புக்கு உங்க யார் கையிலும் ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். விதையும் உரமும் நானே தர்றேன். ஆனா அடுத்த விளைச்சல் எனக்குத்தான் வரணும். விலை அப்போ நான் சொல்றதுதான். இங்கேயே எல்லார் முன்னாடியும் வாக்குக் கொடுங்க, போதும். எழுத்து கிழுத்து வேண்டாம், உங்க மேல நம்பிக்கை இருக்கு."

பஞ்சாயத்து முதலில் தலையாட்டினார். வாய்க்கொழுப்பெல்லாம் எங்கே போயிற்றோ, ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தம்பி ஆட்டினான். வெள்ளைச்சட்டை அவளிடம் வந்தபோது அவள் போன் அடித்தது. மகன்.

"அம்மா, பஸ்ல இருக்கேன்மா."

"எந்த பஸ்ல?"

"நம்ம ஊர் பஸ்லதான்! அடுத்த வாரம் லாரின்னு நீ சொன்ன அன்னிக்கே வேலையை விடறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். என் இடத்துக்கு அன்னிக்கே ஆளும் போட்டுட்டாங்க. லாரி கிளம்பற வரைக்கும் இருன்னு நீ திட்டுவேன்னுதான் சொல்லாம வந்துட்டேன்." பஸ்ஸின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினான். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அவள் அவன் அப்பா இருந்தபோதுதான் கேட்டிருக்கிறாள். "இந்தத் தடவை நானே விதைக்கிறேன்மா. நீ வரப்புல உக்காந்து வேலை வாங்கு, போதும். லாரி போயிடுச்சா?"

திரும்பிப் போ என்று சொல்லலாம், திரும்பிப் போக அவனுக்கு அங்கே இடம் இல்லை. வா என்று சொல்லலாம், வந்து பார்க்க இங்கே என்ன இருக்கிறது?

"அம்மா, கேக்குதா?"

"கேக்குதுப்பா. பாத்து வா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளைச்சட்டை பொறுமையாக நின்றிருந்தான்.

"மேட்டு நிலம், பள்ளத்து நிலம், ரெண்டுமாம்மா?"

"ரெண்டும்தான்."

"நீங்க ஒண்டி ஆளாச்சே. விதைக்க ஆள் இருக்கா?"

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். பூசணக்கறை போகவில்லை.

"என் பையன் வந்துக்கிட்டு இருக்கான்" என்றாள்.